11 தளங்களில் 10 ஓடுகிறது, தமிழ் டொமைன் உள்ள ஒன்று மட்டும் ‘பதிவு’ பக்கத்துக்கு ஓடிவிடுகிறது (வேர்ட்பிரஸ் மல்டிசைட்)

அயனாவரம்_ஆபீஸ்

வணக்கம். வேர்ட்பிரஸ் மல்டிசைட் (ஒரே வேர்ட்பிரஸ்ஸில் பல தளங்கள்) கேள்வி. நீளமாகத்தான் எழுதப்போகிறேன். சுருக்கமாகக் கேட்டால் ‘கேஷ் க்ளியர் பண்ணுங்க’ என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து, அதைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. மாதம் ஒரு தொகை கொடுக்கிறார்கள். வேலையில் பாதி விலைப்பட்டியலை மாற்றித் தருவதுதான். ஆளுக்கொரு ஹோஸ்டிங், ஆளுக்கொரு பிளகின் அப்டேட் என்று போனால் எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் எல்லாரையும் ஒரே நெட்வொர்க்கில் சப்டொமைனாக (முதன்மை டொமைனுக்கு முன்னால் கடையின் பெயர்) வைத்திருக்கிறேன். மொத்தம் 11 தளம். பாரிமுனையில் நோட்டுப் புத்தக மொத்தக் கடை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை, பெரம்பூரில் கேட்டரிங்காரர், இப்படி.

இரண்டு பேருக்கு மட்டும் சொந்த டொமைன் மேப் செய்திருக்கிறேன், அதாவது அவர்கள் தளம் தனிப் பெயரிலேயே திறக்கும். புதுப்பேட்டை பைக் ஸ்பேர்ஸ் கடைக்குச் சாதாரண ‘டாட் இன்’. கொளத்தூர் வண்ணமீன் கடைக்குத் தமிழ் டொமைன், ‘.இந்தியா’ என்று முடியும். உண்மைப் பெயர் வேண்டாம், இங்கே ‘வண்ணமீன்.இந்தியா’ என்று வைத்துக்கொள்வோம். தமிழில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் கடைக்காரர்தான். “ஷேர் ஆட்டோ பின்னாடி பேனர் கட்டப்போறேன்மா. படிக்கிறவன் அப்படியே டைப் பண்ணணும், ஸ்பெல்லிங் யோசிக்கக் கூடாது” என்றார். நியாயம்தான் என்று பட்டது.

பழைய ஷேர்டு ஹோஸ்டிங் தாங்காமல் போனதால் ஒரு விபிஎஸ்ஸுக்கு (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) மாறினோம். தளத்தை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று புது ஹோஸ்டிங்காரர்கள் சொன்னார்கள், அவர்களிடமே விட்டேன். முதலில் ஒரு தற்காலிக முகவரியில் எல்லாத் தளங்களையும் ஏற்றிக் காட்டினார்கள். 11-ம் நன்றாகத் தெரிந்தன. சரி என்றதும் நிஜ டொமைன்களுக்கு மாற்றி, டிஎன்எஸ்ஸை (எந்தப் பெயர் எந்த சர்வருக்கு என்ற பதிவு) திருப்பினோம்.

இப்போது 10 தளம் ஓடுகிறது. மீன் கடையைத் திறந்தால் மட்டும் நெட்வொர்க்கின் முதன்மைத் தளத்துக்குப் போய், ‘பதிவு நிறுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். டாஷ்போர்டு இணைப்பை அழுத்தினாலும் அதே பக்கம்தான்.

நான் பார்த்தவை: டிஎன்எஸ் புது ஐபியைக் காட்டுகிறது. பூட்டுக் குறி வருகிறது, சான்றிதழில் பிரச்சினை இல்லை. நெட்வொர்க் அட்மினில் தளங்கள் பட்டியலைத் திறந்தால் அந்தத் தளம் இருக்கிறது, வண்ணமீன்.இந்தியா என்று தமிழில் எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருக்கிறது. ஹோஸ்டிங் சப்போர்ட்டைக் கேட்டால் “எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் தீமில் (தளத்தின் தோற்ற வடிவமைப்பில்) பாருங்கள்” என்கிறார்கள். தீம் எப்படி ஒரு தளத்தையே காணாமல் அடிக்கும்?

சனி ஞாயிறுதான் அவருக்கு வியாபாரம். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

டிபக்_தம்பி

அக்கா, கேஷ் என்று சொல்ல மாட்டேன், பயமாக இருக்கிறது. ஆனால் பெர்மாலிங்க் (பக்க முகவரிகளின் அமைப்பு) பக்கத்துக்குப் போய் ஒருமுறை சேமித்துப் பாருங்களேன்? எனக்கு சர்வர் மாற்றியபோது 404 வந்தது, அதில் சரியாகிவிட்டது. இல்லையென்றால் எல்லாப் பிளகினையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

பழைய_எம்யூ

தம்பி, டாஷ்போர்டே திறக்காதபோது பெர்மாலிங்க் பக்கத்துக்கு எந்த வழியாகப் போவார்கள்? 404 என்பது தளம் கிடைத்து, அதற்குள் பக்கம் கிடைக்காதபோது வருவது. இங்கே தளமே கிடைக்கவில்லை. வேர்ட்பிரஸ் இன்னும் பிளகின்களை ஏற்றவே ஆரம்பிக்கவில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

அயனாவரம் அம்மா, விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ‘தமிழில் எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நோய்.

மல்டிசைட்டில் ஒரு கோரிக்கை வந்ததும் வேர்ட்பிரஸ் செய்யும் முதல் வேலை, ‘எந்தத் தளத்தைக் கேட்கிறார்கள்’ என்று கண்டுபிடிப்பது. பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் பெயரை எடுத்து, சின்ன எழுத்தாக்கி, ‘பிளாக்ஸ்’ என்று முடியும் டேபிளில் டொமைன் பத்தியில் தேடுகிறது. கிடைத்தால் அந்தத் தளத்தின் எண் தெரிந்துவிடும். எண் 7 என்றால் 7-ஆம் எண் போட்ட ஆப்ஷன்ஸ், போஸ்ட்ஸ் டேபிள்களை எடுத்துக்கொண்டு மேலே போகும். கிடைக்கவில்லை என்றால், சப்டொமைன் வகை நெட்வொர்க்கில், முதன்மைத் தளத்தின் பதிவுப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். ‘இப்படி ஒரு தளம் இல்லை, வேண்டுமானால் நீயே தொடங்கிக்கொள்’ என்பது அதன் தர்மம். இலவச வலைப்பதிவு வழங்கும் சேவைகளுக்காக வேர்ட்பிரஸ் எம்யூ என்று தனியாக இருந்த காலத்துப் பழக்கம் அது. 2010-இல் வேர்ட்பிரஸ் 3.0 வெளிவந்தபோது எம்யூ-வை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள், இந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

சரி, பிரவுசர் என்ன பெயரை அனுப்புகிறது? முகவரிப் பட்டையில் தமிழ் தெரியலாம், கம்பியில் தமிழ் போவதில்லை. டொமைன் பெயர்கள் போகிற வழியில் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டும்தான் செல்லும். அதனால் பிரவுசர் தமிழ்ப் பெயரைப் பியூனிகோடு என்ற முறையில் மாற்றி அனுப்புகிறது. 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3492 என்ற இணையத் தர ஆவணத்தில் இருப்பது. புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு, இரண்டுமே ‘எக்ஸ்என்’ என்று தொடங்கி இரண்டு ஹைஃபனோடு ஏதோ பாஸ்வேர்டு மாதிரி இருக்கும்.

உங்கள் டேபிளில் இருப்பது வண்ணமீன்.இந்தியா. வாசலுக்கு வருவது எக்ஸ்என் பெயர். இரண்டும் எந்தக் காலத்திலும் பொருந்தாது. டிஎன்எஸ் பதிவும் சான்றிதழும் ஏன் சரியாக இருக்கின்றன என்றால், அங்கே தமிழில் போட்டால் வேலையே ஆகாது. சான்றிதழ் வாங்கும் செர்ட்பாட் கருவி, தமிழ்ப் பெயர் கொடுத்தால் ‘பியூனிகோடில் கொடு’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். டேட்டாபேஸ் அப்படிச் சொல்லாது. எதை எழுதினாலும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

பழைய சர்வரில் டேபிளில் எக்ஸ்என் பெயர்தான் இருந்திருக்கும், இல்லாவிட்டால் அங்கேயும் ஓடியிருக்காது. மாற்றித் தந்த ஆள் தற்காலிக முகவரியிலிருந்து திரும்ப மாற்றும்போது பிரவுசரில் கண்ணுக்குத் தெரிந்த தமிழ்ப் பெயரை அப்படியே போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். மீன் கடையைத் திறந்து, பதிவுப் பக்கத்துக்குப் போனதும் முகவரிப் பட்டையை முழுசாகப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு ‘நியூ’, சமக்குறி, அதற்கப்புறம் ஒரு பெயர் இருக்கும். வேர்ட்பிரஸ் தேடித் தோற்ற பெயர் அது. அங்கே எக்ஸ்என் இருந்தால் நான் சொன்னது சரி. இந்த வகைக் கோளாறு எது வந்தாலும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை.

அப்படியானால் அந்தப் பெயரைக் காப்பி செய்துகொள்ளுங்கள், கையால் அடிக்காதீர்கள். முழு டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்துவிட்டு, பிளாக்ஸ் டேபிளில் அந்த வரிசையின் டொமைன் பத்தியில் ஒட்டுங்கள். கையோடு அந்தத் தளத்தின் ஆப்ஷன்ஸ் டேபிளில் ‘ஹோம்’, ‘சைட்யூஆர்எல்’ இரண்டையும் மாற்றிவிடுங்கள். பிளாக்ஸை மட்டும் மாற்றி இவற்றைத் தமிழில் விட்டால், ‘சரியான முகவரி இதுதான்’ என்று வேர்ட்பிரஸ் தமிழுக்குத் திருப்பும், பிரவுசர் அதை எக்ஸ்என் ஆக்கித் திரும்பக் கொண்டுவரும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

கான்ஃபிக் கோப்பில் ‘டொமைன் கரண்ட் சைட்’ என்று ஒரு வரி இருக்கும். அது முதன்மைத் தளத்துடையது, கை வைக்காதீர்கள். அங்கே ‘சன்ரைஸ்’ என்று ஒரு வரி இருந்தால் மட்டும் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் 4.5-க்கு முன்னால் டொமைன் மேப் செய்ய அதற்கென்று பிளகின் போடுவோம், அது பெயர்களைத் தனி டேபிளில் வைத்துக்கொள்ளும். அங்கேயும் பார்க்க வேண்டியிருக்கும்.

அயனாவரம்_ஆபீஸ்

சன்ரைஸ் வரி இல்லை. நான் மல்டிசைட்டுக்கு வந்ததே அதற்கெல்லாம் பிறகுதான்.

‘நியூ’வுக்குப் பிறகு நீங்கள் சொன்னபடியே எக்ஸ்என் என்று தொடங்கி ஒரு நீளமான பெயர். இத்தனை முறை அந்தப் பக்கத்தைப் பார்த்து எரிச்சல்பட்டபோதும் அது கண்ணில் படவில்லை. பேக்கப் எடுத்துவிட்டு, பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸைத் திருத்தும் கருவி) மூன்று இடத்திலும் மாற்றினேன். திரும்பவும் பார்த்தேன், மாறித்தான் இருக்கிறது. ஆனால் தளம் இன்னும் பதிவுப் பக்கத்துக்கே போகிறது. வேறு போன், வேறு பிரவுசர், எல்லாவற்றிலும்.

பழைய_எம்யூ

புது சர்வரில் ரெடிஸ் (டேட்டாபேஸ் தந்த விடைகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ்) போட்டிருக்கிறார்களா? விபிஎஸ் என்றாலே இப்போதெல்லாம் கேட்காமலே போட்டுத் தருகிறார்கள்.

அப்படியென்றால் எந்த டொமைனுக்கு எந்தத் தளம் என்ற விடையை வேர்ட்பிரஸ் அதில் வைத்திருக்கும். ‘இல்லை’ என்ற விடையும் அதில் சேர்த்தி. நெட்வொர்க் அட்மின் வழியாக மாற்றினால் அதுவே பழசை அழித்துவிடும். நீங்கள் பின்வாசல் வழியாக டேட்டாபேஸில் மாற்றியதால் அதற்குத் தெரியாது. டபிள்யூபி-சிஎல்ஐ-யில் (வேர்ட்பிரஸ்ஸின் கட்டளைவரிக் கருவி) ‘கேஷ் ஃப்ளஷ்’ ஒருமுறை கொடுங்கள்.

ஆமாம், கேஷ் க்ளியர்தான். திட்டாதீர்கள்.

டிபக்_தம்பி

நான் முதலிலேயே சொல்லியிருப்பேன், அக்கா மிரட்டிவிட்டார்.

அயனாவரம்_ஆபீஸ்

திறந்துவிட்டது! கடைக்காரருக்கு போன் போட்டுச் சொல்லலாம் என்று எடுத்தேன், அப்புறம் பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

பதிவுகள், படங்கள், விலைப்பட்டியல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் தளம் முகம் கழுவி விட்டதுபோல் இருக்கிறது. லோகோ இல்லை, நான் வைத்த கடல்நீல நிறம் போய் தீமின் பழைய வெள்ளை வந்துவிட்டது. மேலே மெனு இல்லை. அடிப்பகுதியில் கடை நேரமும் வாட்ஸ்ஆப் எண்ணும் போட்ட விட்ஜெட்டுகள் காணோம். தற்காலிக முகவரியில் பார்த்தபோது இதெல்லாம் இருந்தன, அது எனக்கு நிச்சயம். மற்ற 10 தளங்களிலும் எதுவும் போகவில்லை.

கஸ்டமைசரில் (தளத்தின் தோற்றத்தை மாற்றும் திரை) போய் எல்லாவற்றையும் திரும்ப வைக்கவா? ஒரு மணி நேர வேலைதான்.

பழைய_எம்யூ

வைக்காதீர்கள்! கஸ்டமைசரைத் திறந்து ‘வெளியிடு’ அழுத்திவிடாதீர்கள். காணாமல் போனது எதுவும் உண்மையில் போகவில்லை, டேட்டாபேஸில் அப்படியே கிடக்கிறது. வேர்ட்பிரஸால் அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சேமித்தால் அதன்மேல் புதுசை எழுதிவிடும், அப்போதுதான் நிஜமாகப் போகும்.

லோகோ, நிறம், மெனு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் தீமின் அமைப்புகளாக ஒரே வரிசையில், ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். விட்ஜெட்டும் அப்படித்தான். பிஎச்பி சீரியலைஸ் என்பார்கள். மூட்டைக்குள் ஒவ்வொரு சொல்தொடருக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதியிருக்கும். எழுதிய எண்ணும் உள்ளே இருப்பதும் ஒரு பைட் வித்தியாசப்பட்டாலும் முழு மூட்டையும் செல்லாது. அந்த ஒரு துண்டை மட்டும் தள்ளிவிட்டு மீதியைப் படிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

இங்கே என்ன ஆனது? டொமைனை மாற்ற அவர்கள் நேரடியாக எஸ்க்யூஎல் ரிப்ளேஸ் (டேட்டாபேஸிலேயே எழுத்தைத் தேடி மாற்றும் கட்டளை) ஓட்டியிருக்கிறார்கள். அது எழுத்தை மாற்றும், முன்னால் இருக்கும் எண்ணைத் தொடாது. ‘வண்ணமீன்.இந்தியா’ என்பது நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்தும் ஒரு புள்ளியும். யூனிகோடில் மெய்யின் மேல்புள்ளியும் ஈ, இ, ஆ குறிகளும் தனித்தனி. வண்ணமீனில் 8, இந்தியாவில் 7, ஆக 15. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், நடுவில் புள்ளிக்கு 1. மொத்தம் 46 பைட். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த தற்காலிக முகவரியின் நீளம் அதுவாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

‘அப்படியானால் மற்ற 10 தளமும் கெட்டிருக்க வேண்டுமே’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அதே ரிப்ளேஸ் ஓட்டியிருந்தால் அவையும் நடுவில் எண் பிசகித்தான் இருந்திருக்க வேண்டும், தற்காலிக முகவரி ஏற்றியிருந்த நேரத்தில். ஆனால் தற்காலிக முகவரியில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் போகும்போது ஒழுங்கான கருவியால் மாற்றியிருக்கிறார்கள், எண்ணும் சேர்ந்தே மாறியிருக்கிறது. திரும்பும்போதும் பெரும்பாலும் அதே கருவிதான் ஓடியிருக்கும், அதனால்தான் 10 தளம் பிழைத்தது. மீன் கடையை மட்டும் யாரோ தனியாகக் கையால் ரிப்ளேஸ் செய்திருக்கிறார். காரணம் ஊகிக்கலாம். டெர்மினலில் தமிழ் ஒட்டினால் கட்டம் கட்டமாகத் தெரியும், சலித்துப்போய் பிஎச்பிமைஅட்மினுக்குப் போயிருப்பார். சப்போர்ட்டில் டிக்கெட் வரலாறு கேட்டுப் பாருங்கள், எனக்கு ஆர்வமாக இருக்கிறது.

சரி செய்வதற்கு இரண்டு வழி. பழைய சர்வரின் டேட்டாபேஸ் இன்னும் கையில் இருந்தால், அதிலிருந்து அந்தத் தளத்தின் ஆப்ஷன்ஸ் டேபிளை மட்டும் கொண்டுவந்து வைத்துவிடலாம். அதில் எக்ஸ்என் பெயர்தான் இருக்கும், எண்ணும் சரியாக இருக்கும். இடையில் அந்தத் தளத்தின் அமைப்பில் எதையும் மாற்றவில்லை என்றால் இதுதான் சுத்தம், இதைத்தான் நான் செய்வேன். டேபிள் முன்னொட்டு இரண்டு இடத்திலும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழசு இல்லையென்றால் எண்களைத் திருத்த வேண்டும். இப்போது உள்ளே எழுதியிருக்கும் எண்கள் தற்காலிக முகவரியின் நீளத்துக்கானவை. அதனால் முதலில் தமிழ்ப் பெயரைத் தற்காலிகப் பெயராகத் திருப்புங்கள். டபிள்யூபி-சிஎல்ஐ-யின் சர்ச்-ரிப்ளேஸ் படிக்க முடிகிற மூட்டையைப் பிரித்து, மாற்றி, எண்ணைத் திருத்திக் கட்டும். பிரிக்க முடியாததை வெறும் எழுத்தாக நினைத்து மாற்றிவிடும். உடைந்த மூட்டைக்கு அதுதான் வேண்டும், எண் திரும்பப் பொருந்திவிடும். அப்புறம் தற்காலிகப் பெயரிலிருந்து எக்ஸ்என்-க்கு இன்னொரு முறை ஓட்டுங்கள், இந்தத் தடவை எண்ணோடு சேர்ந்து மாறும். இரண்டு தடவையும் முதலில் ட்ரை-ரன் (எதையும் மாற்றாமல் ஒத்திகை). அந்தத் தளத்தின் யூஆர்எல்லைக் கட்டளையில் கொடுக்க மறந்தால் முதன்மைத் தளத்தில் ஓடிவிடும், அதையும் சொல்லிவிட்டேன்.

இந்த இரண்டாவது வழியில் வெறும் பெயரைக் கொடுக்காதீர்கள், முன்னால் முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் சேர்த்துக் கொடுங்கள். ‘எங்கள் முகவரி வண்ணமீன்.இந்தியா’ என்று பக்கத்தில் தமிழிலேயே எழுதி வைத்திருப்பீர்கள். அதுவும் எக்ஸ்என் ஆகிவிட்டால் கடைக்காரர் உங்களைத் தேடி அயனாவரத்துக்கே வந்துவிடுவார்.

எதைச் செய்தாலும் கடைசியில் கேஷ் ஃப்ளஷ்.

அயனாவரம்_ஆபீஸ்

பழைய சர்வரில் கணக்கு இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது. அங்கிருந்து ஆப்ஷன்ஸ் டேபிளை எடுத்து, அந்த ஒன்றை மட்டும் இங்கே ஏற்றினேன். ஃப்ளஷ் கொடுத்ததும் லோகோ, நிறம், மெனு, விட்ஜெட் எல்லாம் வைத்தது வைத்தபடி வந்துவிட்டன. மீன் கடை மீன் கடையாகிவிட்டது. போன் போட்டுச் சொன்னேன். “அப்ப காலையில இருந்து வேலை செய்யலையாம்மா?” என்று கேட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது.

சப்போர்ட்டையும் கேட்டேன். ‘ஒரு தளத்துக்கு மட்டும் மேனுவலாகச் செய்யப்பட்டது’ என்று டிக்கெட்டில் ஒற்றை வரிதான் இருக்கிறதாம். காரணம் எழுதவில்லை.

மிச்சம் இரண்டு. மீன் கடையின் அட்மினில் நுழைய முடியவில்லை. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் ‘உங்கள் பிரவுசரில் குக்கீ தடுக்கப்பட்டுள்ளது’ என்கிறது. பிரவுசரில் எதையும் தடுக்கவில்லை. இப்போது பார்த்தால் புதுப்பேட்டை ஸ்பேர்ஸ் கடையிலும் அதேதான். சப்டொமைன்களில் பிரச்சினையே இல்லை. இன்னொன்று, பெரம்பூர் கேட்டரிங்காரரின் மகன் இப்போது தானே பக்கங்களைத் திருத்துகிறான். ‘தொடர்புக்கு’ பக்கத்தில் கூகுள் மேப் இருந்தது, அவன் போன் எண்ணை மாற்றிச் சேமித்ததும் மேப் போய்விட்டது. நான் திரும்ப வைக்கிறேன், அவன் தொட்டதும் போகிறது. இதுவும் சர்வர் மாற்றத்தின் கைவரிசையா?

நைட்ஷிப்ட்_சோழிங்கநல்லூர்

குக்கீ விஷயம் நான் சொல்கிறேன், பழையவர் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்.

சப்டொமைன் நெட்வொர்க்கில் வேர்ட்பிரஸ் லாகின் குக்கீயை முதன்மை டொமைனின் பெயரில் எழுதுகிறது. ஒரு இடத்தில் நுழைந்தால் எல்லா சப்டொமைனிலும் நுழைந்த மாதிரி. ஆனால் வண்ணமீன்.இந்தியாவில் நின்றுகொண்டு இன்னொரு டொமைன் பெயரில் குக்கீ எழுதினால் எந்த பிரவுசரும் ஏற்காது. வேர்ட்பிரஸ் எழுதிவிட்டுத் திரும்பப் பார்க்கிறது, குக்கீ இல்லை, பழியைத் தூக்கி பிரவுசர்மேல் போட்டுவிடுகிறது. மேப் செய்த இரண்டு தளம் மட்டும் அடிபடுவது அதனால்தான்.

பழைய சர்வரின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து ‘குக்கீ டொமைன்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வந்த ஹோஸ்ட் பெயரையே குக்கீக்கும் வைத்துக்கொள் என்று சொல்லும் வரி. மேப் செய்த காலத்தில் யாராவது போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் அங்கே லாகின் ஆகியிருக்காது. புது சர்வரில் கான்ஃபிக்கைப் புதிதாக எழுதியிருப்பார்கள், வரி விட்டுப்போயிருக்கும். திரும்பப் போட்டால் சரியாகும்.

அதை அப்படியே போட்டால் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு சப்டொமைனிலும் தனித்தனியாக லாகின் செய்ய வேண்டிவரும். 11 தளம் பார்க்கிறவருக்கு அது தலைவலி. நான் என் நெட்வொர்க்கில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: வந்த ஹோஸ்ட் முதன்மை டொமைனில் முடிந்தால் அந்த வரியை விட்டுவிடு, முடியாவிட்டால் மட்டும் ஹோஸ்ட் பெயரை வை. நாலு வரி பிஎச்பி. சோதிக்கும்போது பிரைவேட் விண்டோவில் சோதியுங்கள், பழைய குக்கீகள் கிடந்து குழப்பும்.

பழைய_எம்யூ

கூகுள் மேப் பற்றி. சர்வர் மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பையன் கைக்கு வேலை போனதால் வெளியே வந்தது. தனி வேர்ட்பிரஸ்ஸில் அட்மினாக இருப்பவர் பக்கத்தில் எந்த எச்டிஎம்எல்லும் போடலாம். மல்டிசைட்டில் அந்த உரிமை சூப்பர் அட்மினுக்கு மட்டும்தான். தளத்தின் அட்மின் சேமித்தால் ஐஃப்ரேம், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். நீங்கள் வைத்த மேப் ஒரு ஐஃப்ரேம் (வேறு தளத்தைப் பக்கத்துக்குள் காட்டும் சட்டகம்). அவன் போன் எண்ணை மாற்றினாலும் சேமிப்பது முழுப் பக்கத்தையும்தான், அதனால் மேப்பும் சேர்ந்து வடிகிறது.

அவனுக்கு சூப்பர் அட்மின் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம், 11 கடையின் சாவியும் அவனிடம் போய்விடும். மேப்பை ஷார்ட்கோடாக (பக்கத்தில் எழுதினால் பிளகின் விரித்துக் காட்டும் குறுங்குறி) தரும் பிளகின் ஒன்றை நெட்வொர்க் முழுக்க ஆக்டிவேட் செய்யுங்கள். இல்லையென்றால் மேப்பை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து, அவன் தொடாத விட்ஜெட்டில் நீங்களே வையுங்கள்.

அயனாவரம்_ஆபீஸ்

பழைய கான்ஃபிக்கில் அந்த வரி இருந்தது. சோழிங்கநல்லூர்க்காரர் சொன்ன நிபந்தனையோடு போட்டேன், இரண்டு தளத்திலும் லாகின் ஆகிறது. மேப்பை விட்ஜெட்டுக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது கடைக்காரரிடமிருந்து ஒரு போன். தளத்தில் விசாரணைப் படிவம் இருக்கிறது, யாராவது நிரப்பினால் அவருக்கு மெயில் வரும். நேற்றிலிருந்து ஒன்றும் வரவில்லையாம். படிவத்தின் அமைப்பைத் திறந்தால் மெயில் பகுதி காலியாக இருக்கிறது. ஆப்ஷன்ஸ் டேபிளைத்தான் பழசிலிருந்து கொண்டுவந்துவிட்டேனே?

பழைய_எம்யூ

உங்கள் படிவப் பிளகின் அமைப்பை ஆப்ஷன்ஸில் வைக்காமல் போஸ்ட்மெட்டா டேபிளில் (ஒவ்வொரு போஸ்ட்டின் கூடுதல் விவரங்கள் இருக்கும் இடம்) வைக்கிறது போலிருக்கிறது. பல படிவப் பிளகின்கள் ஒவ்வொரு படிவத்தையும் ஒரு போஸ்ட்டாகத்தான் வைத்துக்கொள்ளும். அங்கே இருப்பதும் மூட்டைதான், அதே ரிப்ளேஸில் அதுவும் உடைந்திருக்கும். பழைய சர்வரிலிருந்து அந்தத் தளத்தின் போஸ்ட்மெட்டாவில் அந்தப் படிவத்தின் வரிசைகளை மட்டும் கொண்டுவாருங்கள், முழு டேபிளும் வேண்டாம். மாற்றத்துக்குப் பிறகு புதிதாகப் பதிவேற்றிய படங்களின் விவரமும் அந்த டேபிளில்தான் இருக்கும்.

வந்ததும் ‘அனுப்புநர்’ முகவரியைப் பாருங்கள். ‘அட்’ குறிக்குப் பின்னால் தமிழ் டொமைன் இருந்தால் வேர்ட்பிரஸ் அதைச் செல்லாத மெயில் முகவரி என்று ஒதுக்கிவிடும். அந்த இடத்தில் உங்கள் முதன்மை டொமைனில் ஒரு முகவரியைப் போடுங்கள். ‘பதில் அனுப்ப’ என்ற இடத்தில் படிவத்தை நிரப்பியவரின் முகவரி வந்தால் கடைக்காரருக்குப் போதும்.

அயனாவரம்_ஆபீஸ்

வரிசைகள் வந்துவிட்டன. அனுப்புநர் முகவரி முன்பிருந்தே முதன்மை டொமைனில்தான் இருக்கிறது, அதை மாற்றவில்லை. சோதனைக்கு நானே ஒரு விசாரணை போட்டேன், மெயில் போய்ச் சேர்ந்தது. என் எண் என்று தெரியாமல் திருப்பிக் கூப்பிட்டு, கப்பி மீன் ஜோடி என்ன விலை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பழைய சர்வர் கணக்கை மூடுவதற்கு முன்னால் முழு டேட்டாபேஸும் அப்லோட்ஸ் ஃபோல்டரும் இறக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.